மல்லிக் பஜாரில் ஒரு மரை

கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆசார்ய ஜெகதீஷ் சந்திர போஸ் சாலையும் வெட்டிக்கொள்கிற இடத்துக்கு மல்லிக் பஜார் என்று பெயர். முனையில் ஒரு கல்லறைத் தோட்டம். 1873இல் இறந்த வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் சமாதி அங்கேதான் இருக்கிறது. சற்றுத் தள்ளி 1767இல் திறக்கப்பட்ட இன்னொரு கல்லறைத் தோட்டம். சமஸ்கிருதத்தையும் கிரேக்கத்தையும் ஒரே குடும்பமாகப் பார்த்த சர் வில்லியம் ஜோன்ஸ் அதில் உறங்குகிறார். இந்த இரண்டையும் தாண்டி ஒரு மூன்றாவது கல்லறை உண்டு. அது கார்களுடையது. வித்தியாசம் ஒன்றுதான். இங்கே புதைந்தவை துண்டு துண்டாக எழுந்து போய் வேறு வண்டிகளில் ஓடும்.

சந்துக்குள் நுழைந்ததும் கிரீஸ் வாசனை. கடை வாசல்களில் கழற்றிய கதவுகள், ஹெட்லைட்டுகள், கயிற்றில் வெங்காயம் போலக் கோத்துத் தொங்கவிட்ட பேரிங்குகள். ஒரு பையன் மண்ணெண்ணெய்ச் சட்டியில் பிஸ்டன்களைத் தேய்த்துக் கழுவுகிறான். தலையில் கியர்பாக்ஸைச் சுமந்துகொண்டு ஒருவர் "ஓரம், ஓரம்" என்று கத்தியபடி போகிறார். பேச்சு பெரும்பாலும் இந்தியும் உருதும். கடைக்காரர் விலை சொல்லும்போது மட்டும் வங்காளி தலைகாட்டும்.

இந்தச் சந்தையில் ஒரு காலத்தில் ராஜா, அம்பாசடர். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அச்சாக வைத்து 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி அதைக் கொண்டுவந்தது. தொழிற்சாலை ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், உத்தர்பாடாவில். ஹவுராவிலிருந்து போகும் ரயில் பாதையில் அந்தக் கம்பெனியின் பெயரிலேயே ஹிந்த் மோட்டார் என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. கம்பெனி கதவடைத்தது 2014 மே மாதம். ஸ்டேஷன் பெயரை யாரும் மாற்றவில்லை. அம்பாசடர் என்கிற பெயரை மட்டும் 2017இல் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு பேஷோ நிறுவனம் வாங்கிக்கொண்டது.

மந்திரிகளின் வெள்ளை அம்பாசடர்கள் எப்போதோ மறைந்துவிட்டன. மஞ்சள் டாக்சிகள் மட்டும் கொல்கத்தாவின் தெருக்களை விடவில்லை. அவற்றுக்கும் தேதி குறித்தாகிவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை வண்டிகள் நகரத்தில் ஓடக் கூடாது என்று 2008இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கணக்கு சுலபம். 2014இல் பதிவான கடைசி வண்டிகளுக்கு 2029 வரை ஆயுள். அதற்குப் பிறகு அம்பாசடர் டாக்சி என்று ஒன்று இருக்காது.

அப்படி ஒரு வண்டிதான் சந்தின் கோடியில் உள்ள பட்டறை வாசலில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. 2013 கடைசியில் பதிவானது. ஓட்டுபவர் பீகார்க்காரர், ஊரில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இங்கே இன்னும் நாலு டிரைவர்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். முதலில் வேறொருவரிடம் கூலிக்கு ஓட்டி, பிறகு இந்த வண்டியையே பழைய விலைக்கு வாங்கியவர். வண்டி நின்றால் வீட்டுக்குப் பணம் போகாது.

ஒரு வாரமாகவே அறிகுறிகள் தெரிந்தன என்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தால் தரையில் ஒரு சொட்டு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளைப் புகை. மூடியைத் திறந்துவிட்டு என்ஜினை ஓட்டினால், உலை கொதிக்கிற மாதிரி தண்ணீரில் குமிழி. கடைசியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினால் பால் கலந்த டீ நிறத்தில் ஆயில். இதற்குமேல் மெக்கானிக் எதற்கு? ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயணியே சொல்லிவிடுவார்.

கார் என்ஜினைப் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு: என்ஜினின் அடிப்பாகம் பிளாக். வார்ப்பிரும்பில் ஊற்றியது. சிலிண்டர்கள் அதில்தான் இருக்கின்றன. மேலே மூடி போல உட்காருவது ஹெட். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு, கேஸ்கட். எரிகிற வாயு, ஓடுகிற தண்ணீர், ஆயில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது இந்த மெல்லிய தகடுதான். அதை அமுக்கிப் பிடித்திருப்பவை பிளாக்கில் நட்டு வைத்த இரும்புக் கம்பிகள். ஸ்டட் என்று பெயர். கம்பியின் கீழ்முனை பிளாக்கில் உள்ள மரையில் முறுக்கி ஏறியிருக்கும், மேல்முனையில் நட்.

அமுக்கிப் பிடிப்பது என்றால் எவ்வளவு? அம்பாசடர் டாக்சியின் 1489 சி.சி. டீசல் என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர். வாய் ஒரு சின்ன டம்ளர் அளவு. அதற்குள் டீசல் வெடிக்கும்போது ஹெட்டை மேலே தூக்குகிற விசை இரண்டு டன்னுக்கு மேல். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒரு சிலிண்டரில் மட்டும் நொடிக்கு 25 வெடி. ஒவ்வொரு வெடிக்கும் ஹெட் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். ஸ்டட் விடக் கூடாது. ஸ்டட்டைப் பிடித்திருக்கிற பிளாக்கின் மரையும் விடக் கூடாது.

பட்டறைக்காரரை எல்லோரும் உஸ்தாத் என்கிறார்கள். அறுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் ஒரு பழந்துணி. என்ஜின் நன்றாக ஆறும்வரை ஹெட்டைத் தொடவில்லை. சூட்டோடு கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும். பிறகு ஓரத்து நட்களில் தொடங்கி நடுப்பக்கம் வந்தபடி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒரு நட் மட்டும் எந்த எதிர்ப்பும் காட்டாமல் சுழன்றது. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுழன்றது. விரலால் தூக்கியதும் கம்பி கையோடு வந்துவிட்டது, வயதானவர் வாயிலிருந்து பல் வருகிற மாதிரி. கீழ்முனையில் மரைக்குப் பதில் இரும்புப் பொடி.

உஸ்தாத் அதை டிரைவர் கையில் கொடுத்து, "சூடி மர் கயீ" என்றார்.

தமிழில் சொன்னால் "மரை போய்விட்டது." ஆனால் இந்திக்காரர்களின் சொல் வேறு காட்சியைக் காட்டுகிறது. சூடி என்றால் வளையல். திருகின் மேல் சுற்றிச் சுற்றி ஏறும் பள்ளத்தை அவர்கள் கையில் அடுக்கிய வளையலாகப் பார்க்கிறார்கள். அது தேய்ந்தால் வளையல் செத்துப்போகிறது. வங்காளிக்கு அது 'பேன்ச்'. முறுக்கு என்று பொருள். சூழ்ச்சிக்கும் அதே சொல். நம் பக்கத்தில் மரை கழன்றால் அது ஆளைக் குறிக்கும், என்ஜினை அல்ல. ஒரே பள்ளம்தான், மொழிக்கு மொழி வேறு கதை.

மரை எப்படிச் சாகிறது? பெரும்பாலும் கொலைதான். ஸ்பேனரின் பிடியில் குழாயை மாட்டி "இன்னும் ஒரு இழு" இழுப்பவர்கள் முதல் குற்றவாளிகள். சுமை எல்லா மரைகளுக்கும் சமமாகப் போவதில்லை. வாய்ப்பக்கத்து முதல் மரை மட்டுமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அது உரிந்தால் பாரம் அடுத்ததன் தலையில். வரிசையாக எல்லாம் விழும். இரண்டாவது குற்றவாளி துரு. கொல்கத்தாவில் தெருக் கழுவுவதற்கென்று வடிகட்டாத கங்கைத் தண்ணீர் தனிக் குழாயில் வருகிறது. டாக்சிக்காரர்கள் அதில் வண்டியைக் கழுவுவார்கள். அவசரத்துக்கு அதே வண்டல் தண்ணீர் ரேடியேட்டருக்குள்ளும் போகும். கேஸ்கட் கசிந்ததும் அந்த ஈரம் ஸ்டட் குழிக்குள் இறங்கி, மரையை மெல்ல மெல்லத் தின்னும்.

மூன்றாவது காரணம் இரண்டு அளவுமுறைகளின் சண்டை. அம்பாசடரின் பழைய என்ஜின் பிரிட்டிஷ் வம்சம். மரைகள் அங்குலக் கணக்கு. 1990களில் வந்த இசூசு என்ஜின் ஜப்பான் வம்சம், மில்லிமீட்டர் கணக்கு. பெயர் ஒன்று, உடம்பு ஒன்று, உள்ளே இரண்டு சாதி மரை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டை அந்தத் துளையில் விட்டால் முதல் சுற்று நல்ல பிள்ளையாக ஏறும். பிறகு முரண்டு பிடிக்கும். அவசரக்காரர் அதை 'டைட்டாக இருக்கிறது' என்று எண்ணி இன்னும் முறுக்குவார். இரும்பு இரும்பைத் தின்னும்.

இந்த வண்டியில் நடந்தது இவை எல்லாவற்றையும்விட மோசம். துளையைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்த உஸ்தாத், ஊசி மூக்குக் குறடால் உள்ளிருந்து ஒரு பளபளப்பான சுருளை இழுத்தார். குளிர்பான டப்பாவைக் கத்தரித்த தகடு. முன்னால் எவரோ ஒரு மெக்கானிக், மரை தளர்ந்திருப்பதைப் பார்த்து, ஸ்டட்டின் மேல் தகட்டைச் சுற்றித் திணித்து முறுக்கியிருக்கிறார். அதற்கும் முன்னால் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கியும் பார்த்திருக்கிறார், கையால் பிடித்த டிரில்லால், சாய்வாக. துளை வட்டமாக இல்லை, முட்டை வடிவம்.

டிரைவருக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஹெட் கேஸ்கட் ஒருமுறை மாற்றினார். மல்லிக் பஜாரில் இல்லை, வேறெங்கோ. மலிவாக முடிந்தது. ஒரே நாளில் வண்டி கிடைத்தது. கேஸ்கட்டுக்குக் காசு கொடுத்தவருக்குத் தகடு இலவசம்.

இப்போது என்ன வழி? உஸ்தாத் ஒவ்வொன்றாகச் சொன்னார். துளையின் அடியில் தொடாத மரை மிச்சமிருந்தால் நீளமான ஸ்டட் போதும். சில பிளாக்குகளில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும். இதில் இல்லை. துளையைப் பெரிதாக்கி, கீழே தடித்தும் மேலே பழைய அளவிலும் இருக்கும் படி வைத்த ஸ்டட்டைக் கடைந்து போடலாம்; ஆனால் சாய்ந்த துளையில் ஸ்டட்டும் சாயும், ஹெட் அதன் மேல் இறங்காது. ஹெலிகாயில் என்று ஒன்று உண்டு. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சாய்சதுர வடிவில் இழுத்துச் சுருளாகச் சுற்றியது. துளையைச் சற்றே அகலப்படுத்தி, அதற்கென்றே உள்ள டாப்பால் மரை வெட்டி, சுருளை உள்ளே முறுக்கி இறக்கினால், உள்பக்கம் பழைய அளவிலேயே புது மரை கிடைத்துவிடும். 1930களில் அமெரிக்காவில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் அலுமினியப் பாகங்களில் பேர் வாங்கிய சரக்கு. முதல் தடவையே அதைப் போட்டிருந்தால் அரை மணி வேலை. முட்டை வடிவத் துளையில் அந்தச் சுருளுக்குப் பிடிமானம் கிடையாது.

மிஞ்சியது புஷ். துளையை நேராக, நன்றாகப் பெரிதாக்கி, வெளியிலும் உள்ளேயும் மரை வெட்டிய எஃகுக் குழல் ஒன்றை முறுக்கி அமர்த்துவது. உறுதியில் இதற்கு மிஞ்சியது இல்லை. பழைய மரையைவிடப் பெரிய வட்டத்தில் பிளாக்கைப் பிடிப்பதால் சுமை பரவும். சிக்கல் வேறிடத்தில். அந்தத் துளைக்கும் தண்ணீர் ஓடும் அறைக்கும் நடுவே உள்ள சுவர் எவ்வளவு கனம் என்று வெளியிலிருந்து தெரியாது. வார்த்தபோது அச்சு ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் ஒருபக்கம் மெலிந்திருக்கும். துருவும் தன் பங்குக்கு அரித்திருக்கும். டிரில் சுவரைத் துளைத்துவிட்டால் பிளாக்கைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

"வேறு பிளாக் கிடைக்காதா, உஸ்தாத்?" என்று டிரைவர் கேட்டார்.

"கிடைக்கும் பையா. புதியது இல்லை, பழையதுதான். அதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று அதைக் கழற்றினால்தான் தெரியும். அப்புறம் பெல்தலாவுக்கு நீங்கள் நடக்க வேண்டும்."

பெல்தலா என்றால் கொல்கத்தாவின் ஆர்.டி.ஓ. அலுவலகம் இருக்கிற இடம். என்ஜின் எண் பிளாக்கில் அடித்திருக்கிறது, ஆர்.சி. புத்தகத்திலும் அதே எண். பிளாக்கை மாற்றினால் எண் மாறும். பழைய பிளாக் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று காகிதம் காட்ட வேண்டும். புத்தகத்தில் மாற்றம் பதிய வேண்டும். வண்டி ஓடாத நாட்கள் எத்தனையோ. காரின் எல்லா உறுப்புகளையும் மல்லிக் பஜாரில் மாற்றலாம், கேள்வி கேட்பார் இல்லை. பிளாக்கை மாற்றினால் வண்டியின் அடையாளமே மாறிவிடும். சட்டம் அப்படித்தான் பார்க்கிறது, அதில் தவறும் இல்லை.

இன்னொரு வழியை உஸ்தாத் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். இன்னும் இரண்டு சொச்ச வருஷம்தானே, உலோகப் பசையைத் திணித்து ஸ்டட்டை நட்டுவிடுங்கள், ஓடுகிறவரை ஓடட்டும். டிரைவர் முகத்தில் ஒரு கணம் ஆசை தெரிந்தது. பசை எண்ணெயில் ஊறும், சூட்டில் இளகும், நொடிக்கு 25 தடவை இழுபடும். அது ஆறு மாதம் பிடிக்கலாம், ஆறு நாளும் பிடிக்கலாம். வித்யாசாகர் சேதுவின் நடுவில் பயணியோடு நின்றால் அந்தக் கடைக்காரரா வருவார்? இந்த 'ஓடுகிறவரை' என்கிற சொல்லால் செத்த என்ஜின்கள்தான் சந்தையின் பாதிச் சரக்கு.

புஷ் என்று முடிவானது. கடைவதற்கு அளவு எழுதிய சீட்டோடு டிரைவர் ஹவுராவுக்குப் போனார். பாலத்தைத் தாண்டினால் பெலிலியஸ் ரோடு. வீட்டுக்கு வீடு லேத் ஓடுகிற தெரு. ஒருகாலத்தில் கிழக்கின் ஷெஃபீல்டு என்று வெள்ளைக்காரர்கள் பேர் வைத்த ஊர். இன்று பல கொட்டகைகள் பூட்டிக் கிடந்தாலும், பெல்ட்டில் ஓடும் பழைய லேத்தின் முன் வெற்றுக்காலுடன் நின்று, கண்ணளவிலேயே நூலில் பாதியைச் சீவி எடுக்கிற கடைசல்காரர்கள் இன்னும் மிச்சம். அங்குல மரையா, மில்லிமீட்டர் மரையா என்பதுதான் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி. ஒரு சின்ன எஃகுக் குழலுக்கு ஒரு மதியம் ஆனது. கூலி அதிகமில்லை. காத்திருந்த நேரத்தின் வாடகையைக் கணக்கிட்டால்தான் அதிகம்.

துளை போடுகிற வேலையை உஸ்தாத் மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பித்தார். கையால் பிடித்த டிரில்லை நம்பக் கூடாது என்பது முந்தைய மெக்கானிக் கற்பித்த பாடம். நேர்ப்பாதை காட்ட ஒரு வழிகாட்டி வேண்டும். பட்டறை மூலையில் விரிசல் விட்ட அம்பாசடர் ஹெட் ஒன்று கிடக்கிறது, இதற்காகவே. அதைக் கேஸ்கட் இல்லாமல் பிளாக்கின் மேல் வைத்து, நல்ல ஸ்டட்களில் நட் போட்டு இறுக்கினார். பழுதான துளைக்கு நேர்மேலே ஹெட்டில் உள்ள துளைக்குள் ஒரு எஃகுக் குழாயைச் செருகினார். டிரில் அந்தக் குழாய்க்குள்ளேதான் இறங்கும். இப்படியும் அப்படியும் அசைய இடமில்லை. செத்த ஹெட் உயிருள்ள பிளாக்குக்கு வழி காட்டுகிறது. எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இது இருக்காது; ஊர் ஊராக மெக்கானிக்குகளுக்குத் தெரியும்.

அதற்கு முன்பே சிலிண்டர் வாய்களில் கிரீஸ் தடவிய துணியைத் திணித்தாகிவிட்டது. வார்ப்பிரும்பு சுருளாகச் சீவாது. மிளகுத் தூள் போல உதிரும். அதில் ஒரு சிட்டிகை சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன் அதை அரைத்துச் சுவரில் கோடு போட்டுவிடும். டிரில்லில் ஆழக் கணக்குக்கு ஒரு வளையம். முதலில் சிறிய டிரில், அடுத்து அதைவிடப் பெரியது, கடைசியில் சரியான அளவு. உஸ்தாத் காதால் வேலை செய்கிறார். கெட்டியான இரும்பில் ஒரு சத்தம். மெலிந்த சுவருக்குப் பக்கத்தில் போனால் சத்தம் மெல்லத் திறந்துகொள்ளும், பானையைத் தட்டுகிற மாதிரி. கடைசி டிரில்லில் இரண்டு முறை நிறுத்தினார். தூசியை ஊதினார், விரலை விட்டுப் பார்த்தார். டிரைவர் சந்தின் முனைக்குப் போய் நின்றுகொண்டார். பார்க்க முடியவில்லை.

துளை முடிந்ததும் பிளாக்கின் தண்ணீர் வழிகளில் வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். மண் குவளையில் டீ வந்தது. குடித்து முடிக்கும்வரை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு உஸ்தாத் காகிதத்தைத் திரித்துப் புதுத் துளைக்குள் விட்டு எடுத்துப் பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது. சுவர் பிழைத்தது.

மீதி வேலை நிதானம் சம்பந்தப்பட்டது. டாப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மரை வெட்டினார். உதிர்ந்த தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. துளையின் அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கக் கூடாது. அடி மூடிய துளைக்குள் திரவம் இருக்கும்போது ஸ்டட்டை முறுக்கினால், அது போக்கிடமில்லாமல் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். காற்று அடித்துத் துப்புரவாக்கி, புஷ்ஷின் வெளிமரையில் பிடிமானத் திரவம் தடவி முறுக்கி இறக்கினார். அதன் தலை பிளாக்கின் முகத்துக்கு ஒரு நூல் கீழேயே நிற்க வேண்டும். மேலே துருத்தினால் கேஸ்கட் அந்த இடத்தில் உட்காராது.

இங்கே ஒரு நுட்பம், பலர் தவறவிடுவது. ஸ்டட் வருஷக்கணக்கில் மேல்நோக்கி இழுத்ததில் துளைகளைச் சுற்றி பிளாக்கின் முகம் கண்ணுக்குத் தெரியாத மேடாக எழும்பியிருக்கும். நேர்க்கோலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். உஸ்தாத் எல்லா ஸ்டட்களையும் கழற்றி, எண்ணெய்க் கல்லால் ஒவ்வொரு துளையின் வாயையும் தேய்த்துச் சமன் செய்தார். துளை விளிம்பில் ஒரு சின்னச் சரிவும் கொடுத்தார். மரை போன துளைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து இந்த மேடுகளை விட்டிருந்தால், புதுக் கேஸ்கட்டும் சில மாதங்களில் பழைய பாதையிலேயே போயிருக்கும். ஹெட்டையும் மெஷின் கடைக்கு அனுப்பி முகத்தைச் சமன் செய்து வாங்கினார்கள். அதற்கு ஒரு நாள்.

மூன்றாம் நாள் மாலை ஹெட் ஏறியது. எல்லா ஸ்டட்களின் மேலும் ஒரே வாக்கில் வழுக்கி இறங்கியதில் உஸ்தாத்துக்கு திருப்தி. புதுத் துளை நேராக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பீரோவிலிருந்து துணியில் சுற்றிய டார்க் ரெஞ்சை எடுத்து வந்தார். எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று முள் காட்டும் ஸ்பேனர். சந்தையில் பாதிப் பேர் அது இல்லாமல் கைக்கணக்கிலேயே முறுக்குவார்கள். தேர்ந்த கை பெரும்பாலும் ஏமாற்றாது. ஆனால் பத்துக்கு மேற்பட்ட நட்களை ஒரே அளவில் முறுக்கக் கையால் முடியாது. காலையில் ஒரு கை, களைத்தபின் வேறு கை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூட்டி முறுக்கினார். புஷ் போட்ட ஸ்டட்டின் முறை வந்தபோது கை சற்று மெதுவானது. முள் ஏறியது, நின்ற இடத்தில் நின்றது.

பட்டறையில் உஸ்தாத்தோடு ஒரு காலத்தில் ஐந்து பேர் வேலை செய்தார்கள். இப்போது ஒரு பையன். உஸ்தாத்தின் மகன் கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் இருக்கிறார். அங்கே பிளாக் அலுமினியம். ஹெட் போல்ட்டைக் கோணம் பார்த்து முறுக்குகிறார்கள், பல மாடல்களில் ஒருமுறை கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடுவதில்லை. அலுமினியத்தில் மரை இன்னும் எளிதாகப் போகும். போனால் பல இடங்களில் எஸ்டிமேட்டில் ஒரே வரிதான் வரும்: பிளாக் மாற்ற வேண்டும். புஷ்ஷோ சுருளோ போட்டுக் காப்பாற்றலாம் என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தால்தானே கேட்பார். மகனுக்கு அந்த வேலை தெரியும், அப்பாவிடம் கற்றது. செய்ய அனுமதி இல்லை.

என்ஜின் இருமிக்கொண்டே ஸ்டார்ட் ஆனது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து, உள்ளே தங்கியிருந்த ஈரம் காய்ந்ததும் நின்றது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து அரை மணி ஓடவிட்டார்கள். குமிழி இல்லை. ஆயிலை மாற்றி, அதையும் ஒருமுறை ஓட்டி இறக்கி மறுபடி மாற்றினார்கள். கூலியை டிரைவர் பாதி கொடுத்தார், மீதிக்குத் தவணை. உஸ்தாத் சரி என்றார்; ஒரு நிபந்தனையோடு. 500 கிலோமீட்டர் ஓடியதும் வண்டி திரும்ப வர வேண்டும். புதுக் கேஸ்கட் சூட்டில் அமுங்கும். என்ஜின் ஆறியபின் நட்களை இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

"பணத்துக்காகக் கூப்பிடுகிறீர்களா, நட்டுக்காகவா?" என்று சிரித்தார் டிரைவர்.

"இரண்டுக்கும்தான்."

ஹவுரா ஸ்டேஷன், சியால்டா, விமான நிலையம் என்று ஆறு நாளில் 500 கிலோமீட்டர் ஆனது. ஏழாம் நாள் காலை வண்டி சந்துக்குள் வந்து இரண்டு மணி நேரம் ஆறியது. உஸ்தாத் வரிசைப்படி டார்க் ரெஞ்சை வைத்தார். சில நட்கள் எட்டில் ஒரு பங்கு சுற்று ஏறின. புஷ் போட்டது அசையவில்லை. அதன் தலையில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துவிட்டு, பையனைக் கூப்பிட்டு வால்வ் இடைவெளியைச் சரிபார்க்கச் சொன்னார். டிரைவர் தவணையில் முதல் நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி துர்கா பூஜை சவாரிக்குப் பிறகு என்றார்.